வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள்?

ஒரு பள்ளியில் தமிழ், ஹிந்தி, தெலுங்கு, உருது, பிரெஞ்சு என்று ஐந்து மொழிப் பாடங்களையும் சேர்த்துக் கவனிக்கும் பொறுப்பு ஒருவர் கைக்கு வந்தால், அவர் முதலில் எடுப்பது டைம்டேபிளைத்தான். எடுக்க வேண்டியது மாணவர் பட்டியலை. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அந்தப் பிள்ளை வீட்டில் என்ன மொழி பேசுகிறது என்பது எழுதியிருக்க வேண்டும். வடசென்னையில் இதைச் செய்யாமல் மொழித்துறை நடத்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி.

அட்மிஷன் பாரத்தில்தான் 'தாய்மொழி' என்று ஒரு கட்டம் இருக்கிறதே என்பீர்கள். அதை நம்ப வேண்டாம். சௌகார்பேட்டை மார்வாடிக் குடும்பம் அதில் 'ஹிந்தி' என்று எழுதும். மணலிக்கு வேலைக்கு வந்த பீகார்க் குடும்பமும் 'ஹிந்தி' என்றே எழுதும், ஆனால் வீட்டில் பேசுவது போஜ்புரி. கொருக்குப்பேட்டையில் மூன்று தலைமுறையாக இருக்கும் தெலுங்கு வீடு 'தமிழ்' என்று எழுதிவிடும். மண்ணடியில் உருது பேசும் வீடும் உண்டு, தமிழே பேசும் முஸ்லிம் வீடும் உண்டு. பெயரைப் பார்த்து முடிவு செய்தால் இரண்டுமே தப்பாகும்.

ஜூன் முதல் வாரத்தில் வகுப்பாசிரியர் மூலம் நாலே கேள்வி கேட்டால் போதும். அம்மாவிடம் என்ன மொழியில் பேசுவாய்? தாத்தா பாட்டியிடம்? தெருவில் விளையாடும்போது? எந்த மொழி எழுத்தை எழுத்துக்கூட்டியாவது படிக்கத் தெரியும்? கடைசிக் கேள்விதான் முக்கியம். தெலுங்கு சரளமாகப் பேசும் பிள்ளைக்குத் தெலுங்கில் ஒரு எழுத்துகூடத் தெரியாமல் இருப்பது இங்கே சகஜம். அந்தப் பிள்ளையையும் புதிதாகத் தெலுங்கு கற்கும் பிள்ளையையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் ஒன்றுக்கு அலுப்பு, இன்னொன்றுக்கு பயம்.

தமிழ் எல்லோருக்கும் உண்டு. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தின்படி 2006-07 கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, வருடத்துக்கு ஒரு வகுப்பாக மேலே ஏறி, 2015-16-இல் மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பை எட்டியது. ஆகவே தமிழ் மிஸ்ஸின் வகுப்பில்தான் எல்லா வீட்டு மொழியும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். ழகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்கு பேசும் பிள்ளைக்கு ள வரும், ழ வராது. ஹிந்தியில் இரண்டுமே இல்லை. ஆனால் மார்வாடியிலும் குஜராத்தியிலும் ள ஒலி உண்டு. பாரத்தில் 'ஹிந்தி' என்று ஒரே மாதிரி எழுதியிருந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு 'பள்ளி' உடனே வருவதற்கும் மற்றதற்கு 'பல்லி' ஆவதற்கும் காரணம் இதுதான். தமிழே பேசும் பிள்ளையும் இதில் தப்பவில்லை. அது 'வாயப்பயம்' என்று சொல்லிக்கொண்டு வரும். மூவருக்கும் ஒரே பயிற்சி கொடுத்துப் பயனில்லை.

அடுத்தது நம் பேச்சுத் தமிழ். இதைக் கையாளும் விதத்தில்தான் தமிழ்த்துறையின் தரம் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம். காசிமேட்டுப் பிள்ளை கட்டுரை நோட்டில் இப்படி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம்: 'எங்க நைனா காத்தாலயே கடலுக்குப் பூட்டாரு. வலை கிழிஞ்சி கீது. ஆயா குந்திகினு தச்சிகினு கீறாங்க.' சிவப்பு மையால் முழுவதையும் அடித்துவிட்டு 'கொச்சை' என்று ஓரத்தில் எழுதினால், அந்தப் பிள்ளை அடுத்த கட்டுரையை நோட்ஸிலிருந்து மனப்பாடம் செய்துதான் எழுதும். சொந்தமாக எழுதவே எழுதாது.

அந்த மூன்று வாக்கியங்களில் இருப்பவை ஒழுங்கான மாற்றங்கள். 'கொண்டு' என்பது 'கினு' ஆகியிருக்கிறது. 'இருக்கிறது' என்பது 'கீது' ஆகியிருக்கிறது. 'போய்விட்டார்' குறுகி 'பூட்டாரு'. இகரத்துக்கும் ஐகாரத்துக்கும் பின்னால் வரும் 'ந்த' 'ஞ்ச' ஆகும், 'த்த' 'ச்ச' ஆகும்: கிழிந்து கிழிஞ்சி, தைத்து தச்சி. 'நைனா' தெலுங்கிலிருந்து வந்தது. 'குந்து' அகராதியிலேயே இருக்கும் நல்ல தமிழ்ச் சொல். நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் பேசுவது, வலப்பக்கம் எழுதுவது என்று வாரம் ஐந்து வாக்கியம் எழுத வையுங்கள். இடப்பக்கத்தைத் திருத்தக் கூடாது, அது பிள்ளையின் சொத்து. வலப்பக்கத்தில் 'என் தந்தை காலையிலேயே கடலுக்குப் போய்விட்டார். வலை கிழிந்திருக்கிறது. பாட்டி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறார்' என்று வரும். விதி பிடிபட்ட பிறகு பிள்ளைகளே வேகமாக மாற்றுவார்கள். வீட்டில் தமிழ் பேசாமல் தெருவில் மட்டும் தமிழ் கற்ற பிள்ளைக்கும் இதே நோட்டுதான் மருந்து. அதற்குத் தெரிந்த தமிழும் இடப்பக்கத்துத் தமிழ்தான்.

ஹிந்தி வகுப்பில் சிக்கல் வேறு. தமிழில் ஒரு ககரம், அங்கே நான்கு. பிள்ளை உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்துக்கொள்ளும்: சாப்பாட்டுக்கும் 'கானா', பாட்டுக்கும் 'கானா'. நம் பக்கத்துப் பிள்ளைக்குக் கானா என்றால் எப்படியும் பாட்டுதான். பிறகு 'நான் பாட்டு சாப்பிட்டேன்' என்று வாக்கியம் வரும். ஆறு வாரத்துக்குப் பிறகு தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதுவதை நிறுத்திவிட வேண்டும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து இரண்டு சொல்லையும் சொல்லச் சொன்னால், சாப்பாட்டுக்கு மட்டும் கையில் காற்று படும். தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளிடம் இந்த வேறுபாட்டுக்கு நேரம் செலவழிக்க வேண்டியதே இல்லை. பலருக்கு அது வீட்டிலேயே காதில் விழுந்திருக்கும்.

துறை என்று ஒன்று இருப்பதன் பலன், ஹிந்தி மிஸ்ஸும் பிரெஞ்சு மிஸ்ஸும் ஒரே மேஜையில் உட்காரும்போது தெரியும். இரண்டு மொழியிலும் பொருள்களுக்கு ஆண்பால் பெண்பால் உண்டு. தமிழ்ப் பிள்ளைக்குப் புத்தகம் அஃறிணை, அவ்வளவுதான். ஹிந்தியில் 'கிதாப்' பெண்பால், பிரெஞ்சில் 'லீவ்ர்' ஆண்பால். அர்த்தத்தை வைத்து ஊகிக்க வழியே இல்லை. எனவே சொல்லைத் தனியாகக் கற்பிக்காமல், ஹிந்தியில் எப்போதும் 'மேரீ கிதாப்' (என் புத்தகம், பெண்பால்), 'மேரா கர்' (என் வீடு, ஆண்பால்) என்றும், பிரெஞ்சில் முன்னால் ஆண்பாலுக்கு 'ல', பெண்பாலுக்கு 'லா' சேர்த்தும் மட்டுமே கரும்பலகையில் எழுதுவது என்று இருவரும் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒருவர் செய்து மற்றவர் விட்டால் பழக்கம் ஒட்டாது.

இப்போது டைம்டேபிள். ஏழாம் வகுப்பில் நாலு செக்‌ஷன், செக்‌ஷனுக்கு 40 பேர், மொத்தம் 160. விருப்ப மொழியில் ஹிந்தி 84, பிரெஞ்சு 38, தெலுங்கு 22, உருது 16 என்று வைத்துக்கொள்வோம். நாலு செக்‌ஷனுக்கும் ஒரே நேரத்தில் பீரியட் போட்டால்தான் பிரிக்க முடியும். ஹிந்தியை வீட்டில் அதன் பழக்கம் உள்ளவர்கள் 26, இல்லாதவர்கள் 29, 29 என்று மூன்றாக்கினால் மொத்தம் ஆறு குழு. ஆசிரியர் ஆறு பேர் ஒரே நேரத்தில் காலியாக இருக்க வேண்டும், அறையும் ஆறு வேண்டும். வகுப்பறை நாலுதான் என்பதால் நூலகமும் ஆய்வகமும் போகும். வழக்கமாக உருதுக் குழுவைத்தான் சின்னக் குழு என்று இடம் இடமாகத் துரத்துவார்கள். அதைச் செய்யாதீர்கள். சின்னக் குழுவுக்கு முதலில் நிரந்தர அறையை எழுதிவிட்டுப் பிறகு மற்றதைப் போடுங்கள்.

அறை மாறுவதற்கு 5 நிமிடம் போகும். வாரத்துக்கு 4 பீரியட் என்றால் 20 நிமிடம், அதாவது 40 நிமிடப் பீரியடில் பாதி. அதனால் மொழிப் பீரியடை இன்டர்வெல்லுக்கு அடுத்தோ சாப்பாட்டுக்கு அடுத்தோ போட வேண்டும். பிள்ளைகள் நேராக மொழி அறைக்கே போய்விடுவார்கள். பி.டி. பீரியடுக்கு அடுத்து மட்டும் போடவே கூடாது.

கேட்டலுக்கும் பேசுதலுக்கும் மதிப்பெண் வைக்காவிட்டால் மொழி மனப்பாடமாகிவிடும். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் 20 அகமதிப்பெண்ணுக்குள் இதற்கு 5 உண்டு. மாநிலப் பத்தாம் வகுப்புத் தமிழில் 100-ம் எழுத்துத் தேர்வுதான். எனவே ஒன்பதாம் வகுப்பு வரைக்குமான வளரறி மதிப்பீட்டின் (பாடம் நடக்கும்போதே வகுப்பில் போடும் மதிப்பெண்) 40-க்குள் நாமேதான் இதைச் சேர்த்துவிட வேண்டும்.

40 பேரைத் தனித்தனியாக 3 நிமிடம் பேச வைத்தால் 120 நிமிடம், மூன்று பீரியட். இருவர் இருவராக 4 நிமிடம் உரையாட வைத்தால் 80 நிமிடத்தில் முடியும். மீதிப் பேர் அந்த நேரத்தில் படம் பார்த்துக் கட்டுரை எழுதட்டும். ஐந்து மதிப்பெண்ணில் கேட்டதைப் புரிந்து பதில் சொன்னதற்கு 2, சொல்வளத்துக்கு 1, வாக்கியத்துக்கு 1, தெளிவுக்கு 1. ஐந்து மொழிக்கும் இதே அளவுகோல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'பிரெஞ்சில் மார்க் சுலபம்' என்ற பேச்சு கிளம்பி, அடுத்த வருடம் கூட்டம் அங்கே சாய்ந்துவிடும்.

கேட்டல் தேர்வில் ஆசிரியரே வாசித்தால் செக்‌ஷனுக்கு ஒரு வேகம் வரும். ஒருவர் குரலில் போனில் பதிவு செய்து எல்லா இடத்திலும் அதையே ஒலிக்க விடுங்கள். முதல் தடவை பேனாவைத் தொடக்கூடாது, இரண்டாம் தடவை எழுதலாம், மூன்றாவது கிடையாது. ஆரம்பிக்கும் முன் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். மின்விசிறிச் சத்தமும், எண்ணூர் நெடுஞ்சாலையோரமாக இருந்தால் கன்டெய்னர் லாரிச் சத்தமும் சேர்ந்து பாதி வாக்கியத்தை விழுங்கிவிடும். அந்தப் பிள்ளைகளுக்குக் காதில் விழாததை மொழி தெரியாததாகக் கணக்குப் போடுவது பெரிய அநியாயம்.

கட்டுரைத் திருத்தத்துக்கு ஒரு நோட்டுக்கு 4 நிமிடம் என்றாலே நாலு செக்‌ஷனுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு கட்டுரையில் மூன்று வகைப் பிழையை மட்டும் குறியிட்டால் போதும். ஒரு நாளைக்குப் பத்து நோட்டு வீதம் வாங்குங்கள்.

கடைசியாக லீவு கோப்பு. பிரெஞ்சு மிஸ்ஸோ உருது சாரோ திடீரென்று வராவிட்டால் அந்தப் பாடம் தெரிந்த இன்னொருவர் பள்ளியில் இருக்க மாட்டார். ஒவ்வொரு மொழிக்கும் வகுப்புக்கு ஐந்து பயிற்சித்தாள், விடைக்குறிப்போடு, பிள்ளை தானே செய்கிற மாதிரி, மொழித்துறை அலமாரியில் இருக்க வேண்டும். கணக்கு சார் சப்ஸ்டிட்யூஷனுக்குப் போனாலும் எடுத்துக் கொடுக்கும்படி மேல் அட்டையில் தமிழிலேயே எழுதி வையுங்கள். சாவி ஆபீஸில் இருக்கட்டும், யாருடைய கைப்பையிலும் வேண்டாம்.