அதே எலும்புகள், இரண்டாம் தடவை

19 டிசம்பர் 2023, செவ்வாய்

மதியம், இங்கே அமெரிக்காவில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டிக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. ஊட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டு, படுக்கை விரிப்புகள் அடுக்கியிருக்கும் அறைக்குள் போய்த்தான் திறந்து பார்த்தேன். அனாடமி அண்ட் பிசியாலஜி 1, அதாவது உடலின் அமைப்பும் இயக்கமும் பற்றிய பாடம்: டி. மொத்தம் 64.

நர்சிங் சேர இந்தப் பாடத்தில் குறைந்தது சி வேண்டும். சி என்றால் 70. டி வாங்கினால் கல்லூரிக் கணக்கில் பாஸ், நர்சிங் கணக்கில் ஃபெயில். ஆறு மதிப்பெண்ணில் போய்விட்டது.

கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், ஐந்து நிமிடம் இருக்கும். அப்புறம் முகம் கழுவி, 12ஆம் அறைத் தாத்தாவைத் திருப்பிப் படுக்கவைக்கப் போனேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பாவிட்டால் அவருக்குப் படுக்கைப்புண் வந்துவிடும். கிரேடு வந்தாலும் வராவிட்டாலும் அந்த வேலை இருக்கிறது. இன்று அது இருந்தது நல்லதாகப் போயிற்று.

20 டிசம்பர், புதன்

இவரிடம் இரவு சொன்னேன். "சரி, அடுத்த செமஸ்டர்ல மறுபடி எடுத்துக்கலாம்" என்றார் உடனே. தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த செமஸ்டரைப் பற்றி நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்றிருந்தது. அதையும் சொன்னேன். டிவியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அம்மாவிடம் சொல்லவில்லை. "பரீட்சை எப்படிடி எழுதின?" என்று கேட்டாள். "முடிஞ்சுதும்மா" என்று மட்டும் சொன்னேன். பட்டுக்கோட்டை பக்கம் முப்பது வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். ஊரில் இன்றைக்கும் அவளுக்கு நர்ஸம்மா என்றுதான் பெயர். மகளும் நர்ஸ் ஆகப்போகிறாள் என்று தெருவில் பாதி வீட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள்.

24 டிசம்பர், ஞாயிறு

எங்கே தவறியது என்று இன்று எழுதிப் பார்த்தேன்.

நான்கு தேர்வில் 78, 66, 58, 61. முதல் தேர்வு செல், திசு. அது பத்தாம் வகுப்பு வரை படித்த அறிவியலை வைத்தே ஓடிவிட்டது. பதினொன்றில் நான் காமர்ஸ் குரூப், அப்புறம் பி.காம். உயிரியல் புத்தகத்தைத் தொட்டுப் பதினெட்டு வருடம் ஆகிறது. இரண்டாம் தேர்வில் எலும்புகள், மூன்றாவதில் தசை, நான்காவதில் நரம்பு. ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் ஏறி உட்காரும் பாடம். ஒன்று ஆடினால் மேலே இருப்பதும் ஆடும்.

படிக்காமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் நான்கு தடவை வாசித்தேன், மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டேன். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. பக்கத்தை மூடிவிட்டுச் சொல்லச் சொன்னால் ஒரு வரி வந்திருக்காது. மூடிப் பார்க்கவே இல்லையே, அதனால் எனக்கு அது தெரியவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. நவம்பர் நடுவில் பாடத்திலிருந்து விலகிக்கொள்ளக் கடைசித் தேதி இருந்தது. விலகியிருந்தால் மதிப்பெண் பட்டியலில் டபிள்யூ என்று மட்டும் விழும், ஜிபிஏவில், அதாவது எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து நான்குக்குப் போடும் சராசரியில், சேராது. மூன்றாம் தேர்வில் 58 வந்த அன்றே யாரிடமாவது போய் நின்றிருக்க வேண்டும். பேராசிரியரின் அறை என் லேபுக்கு எதிரில்தான். செமஸ்டர் முழுக்க ஒரு தடவைகூட உள்ளே போகவில்லை. வெட்கம்.

4 ஜனவரி 2024, வியாழன்

எந்தப் பாடம் எப்போது எடுப்பது என்று வழிசொல்லும் கல்லூரி அட்வைசரைப் பார்த்தேன். இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார், முக்கால் மணி நேரம் இருந்தார்.

ஆங்கிலத்துக்கு 3 கிரெடிட், ஏ. சைக்காலஜிக்கு 3 கிரெடிட், அதுவும் ஏ. இந்த 4 கிரெடிட் டி சேர்ந்ததும் என் ஜிபிஏ 2.8. இங்கே நர்சிங் விண்ணப்பத்துக்குக் குறைந்தது 3.0 வேண்டும். மறுபடி எடுத்து பி வாங்கினால் பழைய டி பட்டியலில் இருக்கும், ஆனால் கணக்கில் புதியதுதான் நிற்கும். அப்போது 3.6. எல்லா இடத்திலும் இப்படி இல்லை என்றும் சொன்னார். இரண்டு தடவை வாங்கியதையும் சேர்த்தே சராசரி பார்க்கும் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே விண்ணப்பித்தால் எனக்கு 2.86தான் வரும். ஒரு பாடத்தை எத்தனை தடவை எடுக்கலாம் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். எங்களுக்கு இரண்டு. எனக்கு மிச்சம் ஒன்று.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது என் நிலைமையில் இருந்தால், சேர நினைக்கும் ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தோழி சொன்னாள், அக்கா சொன்னாள் என்பதை நம்பி இருக்க வேண்டாம்.

15 ஜனவரி, திங்கள்

நேற்று இரவே அம்மா வீடியோவில் வந்து வாசல் கோலத்தையும் பால் பொங்கியதையும் காட்டினாள். "அடுத்த பாடம் ஆரம்பிச்சாச்சா?" என்றாள். "அடுத்த வாரம்" என்றேன். பொய் இல்லை, உண்மையும் இல்லை. இங்கே குக்கரில் வைத்த பொங்கல் தொண்டையில் இறங்கவில்லை.

30 ஜனவரி, செவ்வாய்

அதே லேப், அதே எலும்புக்கூடு, அதே மேசை. பேராசிரியர் வேறு. முதல் வகுப்பு முடிந்ததும் அவர் அறைக்கு நேராகப் போய், "இது எனக்கு இரண்டாம் தடவை" என்று சொல்லிவிட்டேன். கால் நடுங்கியது. அவர் பழைய தேர்வு விவரங்களைக் கேட்டுப் பார்த்துவிட்டு, "புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் வெள்ளைத் தாளை எடு" என்றார். நேற்றைய பாடத்தில் நினைவில் இருப்பதை முதலில் எழுது, வரை. அப்புறம் திறந்து விட்டுப்போனதை மட்டும் சிவப்பு மையில் எழுது என்றார்.

முதல் நாள் தாளில் என் கையெழுத்து மூன்று வரி. மீதி முழுக்கச் சிவப்பு.

என் மேசையில் கானா நாட்டுப் பெண் ஒருத்தி, அவளுக்கும் இது இரண்டாம் தடவை. அவளாகவே சொன்னாள், நானும் சொன்னேன். இரண்டு பேரும் சனிக்கிழமை காலை லேப் திறந்திருக்கும் நேரத்துக்கு வருவது என்று முடிவு செய்தோம்.

17 பிப்ரவரி, சனி

தோள்பட்டை எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முக்கோணமாக, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக, நடுவில் வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி தெரியும் அளவுக்கு மெல்லியது. முதுகுப் பக்கம் குறுக்கே ஒரு மேடு ஓடி, வெளிப்பக்கம் அகன்று முடியும். அந்த நுனி அக்ரோமியன். முன்பக்கம் வளைந்து நீட்டிக்கொண்டிருப்பது கோரகாய்டு. கிரேக்கத்தில் காக்கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயராம். பார்த்தால் காக்கை மூக்குதான். போன தடவை இந்தப் பெயரை எழுத்து எழுத்தாக மனப்பாடம் செய்து மூன்று தடவை தப்பாக எழுதினேன். இனி மறக்காது.

மாலை அம்மாவிடம் பேசும்போது தானாக வாயில் வந்துவிட்டது. அக்ரோமியன் எங்கே இருக்கிறது என்று தமிழில் விளக்கினேன். "அட, அதைத் தொட்டுப் பாத்துத்தானே ஊசி போடுவோம்" என்றாள். "தோள் எலும்பு நுனியிலேர்ந்து ரெண்டு விரக்கடை கீழ. அதுக்கு மேல போட்டா மூட்டுல போயிடும், ரொம்பக் கீழ போட்டா நரம்பு." எத்தனை கர்ப்பிணிகளுக்கு அப்படித் தொட்டுப் பார்த்துப் போட்டிருப்பாள்! நான் என் தோளில் விரல் வைத்துப் பார்த்தேன். எலும்பு, அதன் கீழே டெல்டாய்டு தசை. புத்தகத்தில் இரண்டும் வேறு வேறு அத்தியாயம்.

29 பிப்ரவரி, வியாழன்

லேப் தேர்வு. நாற்பது இடத்தில் நாற்பது எலும்பு, ஊசி குத்திய இடத்தின் பெயரை எழுத வேண்டும், இடமா வலமா என்றும். நிமிடத்துக்கு ஒரு தடவை மணி அடிக்கும், அடித்தால் நகர வேண்டும். ஸ்பெல்லிங் தப்பினால் அரை மதிப்பெண் போகும்.

17ஆம் இடத்தில் தோள்பட்டை எலும்பு. கிண்ணம் போன்ற குழி எப்போதும் வெளிப்பக்கம் பார்க்கும், மேடு எப்போதும் முதுகுப் பக்கம். என் உடம்போடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். இடது.

போன தடவை 62. இன்று 88.

21 மார்ச், வியாழன்

என்னை வீழ்த்திய அத்தியாயம் தசை. இன்று அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் இன்றுதான் புரிந்தது.

தசை சுருங்கச் சக்தி வேண்டும், அது யாருக்கும் புரியும். உள்ளே ஆக்டின், மயோசின் என்று இரண்டு வகை இழைகள். கால்சியம் வந்ததும் ஆக்டின் மேல் மூடியிருக்கும் இழை விலகி வழிவிடும். மயோசினின் தலை ஆக்டினைப் பிடித்து இழுக்கும். பிடித்த பிடியை விட வேண்டுமானால் செல்லுக்குச் சக்தி தரும் மூலக்கூறான ஏடிபி புதிதாக ஒன்று வந்து அந்தத் தலையில் ஒட்ட வேண்டும். அதாவது விடுவதற்கும் சக்தி வேண்டும். போன செமஸ்டர் தேர்வில் ஒரு கேள்வி: இறந்த உடல் ஏன் விறைக்கிறது? தசையில் சக்தி மிச்சமிருப்பதால் என்று எழுதினேன். நேர் எதிர்.

நேற்று இரவு வெள்ளைத் தாளில் இதை வரைந்துகொண்டு, சமையலறையில் சத்தமாகத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். "உயிர் போச்சுன்னா மூச்சு இல்ல, மூச்சு இல்லன்னா ஏடிபி தயாராகாது, கால்சியம் கசிஞ்சு வந்து தலைங்க போய்ப் பிடிக்கும், பிடிச்சதை விட ஆள் இல்ல..." அந்த இடத்தில் நின்றுவிட்டேன். அப்பாயி நினைவுக்கு வந்தாள்.

எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாயி விடியற்காலையில் போய்ச் சேர்ந்தாள். பெரியத்தை அழுதுகொண்டே ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்தாள். ஒரு துண்டில் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டினாள், இன்னொன்றில் இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டினாள். "விறைக்கிறதுக்குள்ள நீட்டிக் கட்டுங்கடி, அப்புறம் முடியாது" என்றாள். முதல் சில மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும் என்பது பெரியத்தைக்குத் தெரிந்திருந்தது. ஒன்றிரண்டு நாளில் புரதங்கள் சிதையும்போது அந்த விறைப்பு தானாகத் தளரும் என்று புத்தகம் சொல்கிறது. நம் வீடுகளில் அதுவரை வைத்திருப்பதில்லை.

இன்று தேர்வில் அதே கேள்வி வேறு வடிவில் வந்தது. எழுதி முடித்ததும் கண் கலங்கியது. தேர்வு பயத்தினால் இல்லை.

8 ஏப்ரல், திங்கள்

இன்று சூரிய கிரகணம். இங்கே நியூ ஜெர்சியில் முழுசாக இல்லை, பத்தில் ஒன்பது பங்கு. மூன்றரை மணி வாக்கில் நடக்க முடிந்தவர்களைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய்க் கண்ணாடி மாட்டிவிட்டோம். இந்த வாரம் எங்களுக்குக் கண் பாடம். விழித்திரையில் வலி உணரும் நரம்பு முனைகள் கிடையாது, அதனால் வெறும் கண்ணால் சூரியனைப் பார்த்து விழித்திரை வெந்தாலும் அந்த நேரத்தில் வலிக்காது. கண்ணாடியைக் கழற்றப் பார்த்த தாத்தாவிடம் இதைச் சொன்னேன். திரும்ப மாட்டிக்கொண்டார்.

கானா தோழி இந்த வாரம் பாடத்திலிருந்து விலகிவிட்டாள். மகன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், இரவு ஷிப்ட் வேறு. கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்னால் அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு, நேராக என்னிடம் வந்து சொன்னாள். நவம்பரில் எனக்கு வராத தைரியம் அது.

14 ஏப்ரல், ஞாயிறு

சித்திரை பிறந்தது. வேப்பம்பூ கிடைக்கவில்லை, மாங்காய்ப் பச்சடி மட்டும் செய்தேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அம்மா, டிசம்பர்ல நான் ஃபெயில். இப்ப படிக்கிறது அதே பாடம்தான்."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தெரியும்டி" என்றாள்.

"எப்படி?"

"கொலுவப்ப போன்ல தோள்பட்டை எலும்பு படிக்கிறேன்னு சொன்ன. மாசில மறுபடி அதே தோள்பட்டை எலும்பைச் சொன்ன. ஆனா அப்ப நீ வாசிச்ச, மாசில நீ சொன்ன." மூக்கை உறிஞ்சினாள். "நீயா சொல்லுவேன்னுதான் கேக்காம இருந்தேன்."

இத்தனை மாதம் அவளிடமிருந்து மறைத்து வைத்திருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு போனிலும் அவளும் தெரியாதது போலவே பேசியிருக்கிறாள். போனை வைத்த பிறகு வெகு நேரம் அழுதேன். இவர் வந்து ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

16 மே, வியாழன்

இறுதித் தேர்வு. செமஸ்டர் பாடம் முழுக்க, நூறு கேள்வி. இரண்டு கேள்விக்கு நிச்சயமாகத் தெரியவில்லை, பத்து கேள்வியில் சந்தேகம். மீதிக்கு வெள்ளைத் தாளே கண்முன் வந்தது. தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. என் எலும்பு அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு கானா தோழியின் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் செப்டம்பரில் மறுபடி எடுக்கிறாள். பையன் வீடு திரும்பிவிட்டான்.

20 மே, திங்கள்

மதியம் இரண்டு மணி. அதே விரிப்பு அறை. பி, 84.

அம்மாவுக்கு அங்கே இரவு பதினொன்றரை. இருந்தாலும் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.