பிளாக் ஃபைவ்: எந்த வேலைக்கும் தயாராக நின்ற என்ஜின்

பிரிட்டிஷ் நீராவி என்ஜின் என்று பேச்சை எடுத்தாலே மல்லார்டும் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேனும்தான் முன்னால் வந்து நிற்கும். எனக்கு இரண்டையும்விடப் பிடித்தது பிளாக் ஃபைவ். ஒரு சிலவற்றைத் தவிர எதற்கும் பெயர் கிடையாது, கருப்புப் பெயிண்டும் ஓர் எண்ணும்தான். ஆனால் காலையில் கூட்ஸ், சாயங்காலம் பயணிகள் ரயில், விடுமுறை நாளில் கடற்கரை ஊருக்குப் போகும் சிறப்பு ரயில் என்று ஷெட்டில் எதைக் கொடுத்தாலும் இழுத்துக்கொண்டு போகும்.

என்ஜின் வடிவமைப்பாளர் வில்லியம் ஸ்டானியர் 1932இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயை விட்டு எல்.எம்.எஸ். (லண்டன், மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ்) ரயில்வேக்கு வந்தார். 1923இல் பல கம்பெனிகளைச் சேர்த்து உண்டாக்கிய ரயில்வே அது. இடத்துக்கு ஒரு மாதிரி என்ஜின், அதிலும் நிறைய சின்னவை, பாரம் கொஞ்சம் கூடினால் முன்னால் இன்னொரு என்ஜினைக் கோக்க வேண்டும், அப்படியென்றால் இன்னொரு டிரைவர், அடுப்பில் கரி போட இன்னொரு ஃபயர்மேன், இன்னொரு பங்கு நிலக்கரி. இதற்கு ஸ்டானியர் 1934இல் கொடுத்த பதில்தான் பிளாக் ஃபைவ்.

வேகத்துக்குப் பெரிய சக்கரம் வேண்டும், பாரம் இழுக்கச் சின்னச் சக்கரம் வேண்டும். இவர் 6 அடி விட்டத்தில் நிறுத்தினார். சிலிண்டர் இரண்டே இரண்டு, இரண்டும் வெளிப்பக்கம், அதனால் எண்ணெய் விடவும் பழுது பார்க்கவும் சட்டத்துக்கு நடுவே உள்ளே நுழைந்து அவதிப்பட வேண்டியதில்லை. பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 225 பவுண்டு. முதலில் வந்த பல பாய்லர்களில் நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டருக்கு 14 குழாய்த் தொகுதிகள்தான், அது கிரேட் வெஸ்டர்ன் பழக்கம். இங்கே அது போதவில்லை என்று தெரிந்ததும் 24 ஆக்கினார்கள், அப்புறம் 28. தான் பழகிவந்த முறையை ஸ்டானியர் பிடித்துத் தொங்கவில்லை, அதனாலேயே அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தவற்றில், சாம்பல் கீழே விழும்படி ஆட்டிவிடக்கூடிய தணல்தட்டு, தானே கொட்டும் சாம்பல் தொட்டி எல்லாம் வந்தன. நாள் முழுக்க ஓடி வந்த என்ஜினிலிருந்து சூடும் தூசியுமாகச் சாம்பலை வாரிக் கொட்டிய தொழிலாளிகளுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! 1951 வரை கட்டி மொத்தம் 842. ஆர்ம்ஸ்ட்ராங் விட்வொர்த் மட்டுமே 327 செய்து கொடுத்தது. வடக்கே இன்வர்னஸ், தெற்கே போர்ன்மவுத் என்று எங்கும் ஓடின.

இதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் நார்த் யார்க்ஷயர் மூர்ஸ் ரயில்வேதான் என் சிபாரிசு. கிராஸ்மண்ட்டிலிருந்து கோத்லண்ட் வரை 49க்கு 1 ஏற்றம், அதாவது 49 அடி போனால் 1 அடி உயரும். அங்கே நான் பார்த்தது 45428, பாதுகாக்கப்பட்ட பிறகு எரிக் டிரேசி என்று பெயர் வைத்த என்ஜின் (அவர் பிஷப், அருமையான ரயில் புகைப்படக்காரர்). ஏற்றத்தில் ஒவ்வொரு புகைவீச்சும் தனித்தனியாகக் காதில் விழுகிறது, சக்கரம் ஒரு கணம் வழுக்கி மறுபடி பிடிக்கும்போது தண்டவாளத்தோரம் நின்ற நம் நெஞ்சும் சேர்ந்து அதிர்கிறது.

1968 ஆகஸ்ட் 11 அன்று பிரிட்டிஷ் ரயில்வே தன் பிரதானப் பாதையில் கடைசி நீராவிப் பயணிகள் ரயிலை விட்டபோது இழுத்தவை நான்கு என்ஜின்கள், அவற்றில் மூன்று பிளாக் ஃபைவ்: 45110, 44781, 44871. டிக்கெட் 15 கினி (ஒரு கினி ஒரு பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே), அன்றைக்கு அது பெரிய தொகை. பிறகு 44781ஐ ஒரு சினிமா படப்பிடிப்புக்குக் கொண்டுபோய், வேண்டுமென்றே தடம்புரள வைத்து, முடிந்ததும் வெட்டி இரும்பாக விற்றுவிட்டார்கள். எத்தனை வருடம் ஆனாலும் இதை என்னால் ஏற்க முடியாது. மிஞ்சியவை 18. கூடப் போன 44871 அதில் ஒன்று, ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியமிலிருந்து மலேக் போகும் சுற்றுலா ரயிலையும் அது இழுத்திருக்கிறது.