84 பைட் போகிறது, 1500 போகவில்லை

ஜூன் 9, திங்கள்

ஒன்பதரைக்கே எங்கள் கோபி (கோபிசெட்டிபாளையம்) கிளையில் பில் போடும் பெண்ணிடமிருந்து போன். "அண்ணா, நெட்டு வருதுங்க. பில்லிங் சாஃப்ட்வேர் திறக்குது, பாஸ்வேர்டும் வாங்கிக்குது. பில்லு லிஸ்ட்டைத் தொட்டா மட்டும் சுத்திட்டே இருக்குதுங்க." சனிக்கிழமைதான் அங்கே பழைய இணைப்பை எடுத்துவிட்டுப் புது ஃபைபர் போட்டார்கள்.

கோவையில் இருக்கும் சர்வரிலிருந்து பிங் போட்டேன், அதாவது சின்னப் பாக்கெட் (தரவுத் துண்டு) அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்தேன். நூற்றுக்கு நூறு பதில், 11 மில்லிசெகண்ட். வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரையும் சோதிக்கும் எம்டிஆரில் எங்கும் இழப்பில்லை. பெயருக்கு ஐபி முகவரி தேடும் டிக், சரியான ஐபியைக் காட்டுகிறது. இணைப்பு கொடுத்தவர்கள் "லைன் ஓகே சார்" என்று புகாரை மூடிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, லைன் ஓகேதான்.

ஜூன் 10, செவ்வாய்

பிங்கை விட்டுவிட்டு சர்வரில், திறந்திருக்கும் இணைப்புகளைக் காட்டும் எஸ்எஸ் போட்டேன். கோபி இணைப்பின் சென்ட்-க்யூவில், அதாவது சேர்ந்ததாக இன்னும் பதில் வராத பைட் கணக்கில், ஒரே எண் இறங்காமல் நிற்கிறது. விவரமாகக் கேட்டால், மறுபடி அனுப்பிய கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. சர்வர் அனுப்புகிறது, அங்கே சேரவில்லை.

சின்னது சேருகிறது, பெரியது சேரவில்லை என்பது சாயங்காலம்தான் உறைத்தது. லினக்ஸில் சும்மா பிங் என்று தட்டினால் போவது 56 பைட் சுமை, பாக்கெட்டின் முன்னால் ஒட்டும் தலைப்புகளோடு 84. நேற்று முழுக்க நான் நூல்கண்டை அனுப்பிப் பார்த்துவிட்டு, மூட்டை ஏன் போகவில்லை என்று யோசித்திருக்கிறேன்.

'துண்டாக்காதே' குறியோடு 1472 பைட் அனுப்பினேன். தலைப்பு 28 சேர்ந்தால் முழு 1500. பதிலே இல்லை. 1464 வைத்தால் பதில் வருகிறது, 1465 வைத்தால் இல்லை. 1464-ம் 28-ம் 1492. புது ஃபைபர் பிபிபிஓஇ-யில் (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) ஓடுகிறது, அதன் தலைப்புக்கே 8 பைட் போய்விடும். கணக்கு அப்படியே பொருந்துகிறது.

என்னை உறுத்தியது 8 பைட் இல்லை, அந்த மௌனம். பாக்கெட் பெரிதாக இருந்தால் வழியிலுள்ள ரூட்டர் "என் அளவு 1492, சிறிதாக்கி அனுப்பு" என்று ஐசிஎம்பி (வலை தன் நிலையையும் பிழையையும் சொல்லும் செய்தி முறை) வகை 3, குறி 4-இல் திருப்பிச் சொல்ல வேண்டும். 1990-லேயே ஆர்எஃப்சி 1191 என்ற இணைய விதி ஆவணத்தில் எழுதி வைத்த ஏற்பாடு இது. சொன்னதை யார் விழுங்கியது?

ஜூன் 11, புதன்

விழுங்கியது நாங்கள்தான். கோவை ஃபயர்வாலின் வெளிப்பக்கம், போகிற வருகிற பாக்கெட்டைக் காட்டும் ஒரு டிசிபிடம்ப், உட்பக்கம் ஒன்று, இரண்டு ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கோபியில் பில் லிஸ்ட்டைத் திறக்கச் சொன்னேன். வெளிப்பக்கத்தில் "துண்டாக்க வேண்டும், எம்டியு 1492" என்று வரிவரியாக வருகிறது (எம்டியு என்றால் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு). உட்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. நடுவில் ஒரு பழைய விதி: பிங் தவிர எல்லா ஐசிஎம்பியையும் தூக்கி எறி. ஏற்கெனவே உள்ள இணைப்புக்குத் தொடர்புடையதை அனுமதிக்கும் விதி அதற்குக் கீழே கிடக்கிறது. அதுவரை அந்த ஐசிஎம்பி செய்தி போய்ச் சேர வாய்ப்பே இல்லை. ஏன் போட்டார்கள் என்று ஒரு குறிப்பும் இல்லை.

இதைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. ஐசிஎம்பி என்றால் பிங், பிங் என்றால் ஹேக்கர் என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். மைக் மூஸ் 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் பிங்கை எழுதியது வலையில் கண்ட ஒரு கோளாறைத் தேடத்தான். ட்ரேஸ்ரூட் வழியைக் காட்டுவதும், டிடிஎல் (இன்னும் எத்தனை ரூட்டர் தாண்டலாம் என்ற கணக்கு) தீர்ந்த இடத்திலிருந்து வரும் ஐசிஎம்பி செய்தியை வைத்துத்தான். வலை தன் வலியைச் சொல்லும் வாய் அது. அதைப் பொத்திவிட்டு இரண்டு நாளாக ஒரு பெண்ணைக் கையால் பில் எழுத வைத்திருக்கிறோம்.

ஜூன் 13, வெள்ளி

நேற்று ராத்திரி கடை மூடியபின் வகை 3-ஐ அனுமதித்தேன். 1472 பிங் இப்போது மௌனமாக இல்லை, 1492 என்று சொல்கிறது. கோபி ரூட்டரில் எம்எஸ்எஸ்-ஐ (தலைப்பு போக ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவு) 1452-க்குக் கட்டினேன். இணைப்பு தொடங்கும் சின் பாக்கெட்டில் அந்த எண்ணை டிசிபிடம்ப்பில் கண்ணால் பார்த்த பிறகே படுத்தேன்.

காலையில் நானே போன் செய்தேன். "வந்துருச்சுங்கண்ணா, நாலு நாள் பில்லையும் ஏத்திட்டு இருக்கேன், அப்புறம் கூப்புடறனுங்க" என்று வைத்துவிட்டார்.

விதிக்குப் பக்கத்தில் தேதியும் காரணமும் எழுதிவிட்டேன். அடுத்த வாரம் அந்தியூரிலும் ஃபைபர் மாறுகிறது. ஆள் கம்பியைக் கழற்றிப் போவதற்குள் 1472 போட்டுப் பார்க்க வேண்டும்.