வேகமாகப் போவதும் வேகம் எடுப்பதும்: ரயில்வே தேர்வுக்கு இயக்கவியல் படித்த அனுபவம்

2022-இல் ரயில்வே குரூப் டி தேர்வை எழுதிவிட்டு, பின்னர் இணையத்தில் வெளியான விடைக்குறிப்புடன் என் விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அறிவியல் பகுதியின் 25 கேள்விகளில் இயக்கம் பற்றி வந்தவற்றில் மூன்றைத் தவறாக எழுதியிருந்தேன். அந்த 3 மதிப்பெண்களோடு, தவறான விடை ஒன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம் மேலும் 1 மதிப்பெண் கழிந்துபோனது. மூன்றிலும் என்னை அதிகம் உறுத்தியது, செங்குத்தாக மேலே எறியப்பட்ட பந்து உச்சியை அடையும் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு என்ற கேள்விதான். பந்து அங்கே ஒரு கணம் நிற்கிறதே என்று எண்ணி நான் சுழி என்று குறித்திருந்தேன். சரியான விடை, கீழ்நோக்கி 9.8 மீ/வி².

சூத்திரங்கள் எனக்கு மனப்பாடம். ஆனால் முடுக்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் என் மனம் அதை வேகத்தின் இன்னொரு பெயராகவே எடுத்துக்கொண்டது. ஐ.டி.ஐ. முடித்த என் நண்பர்கள் பலருக்கும் இதே குழப்பம் இருப்பதைப் பிறகு கண்டேன். இத்தனைக்கும் நாம் அன்றாடம் பேசும் தமிழிலேயே இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. "வண்டி வேகமாகப் போகிறது" என்பது திசைவேகத்தைப் பற்றிய பேச்சு; திசைவேகம் என்றால் திசையையும் சேர்த்துச் சொல்லும் வேகம். "வண்டி வேகம் எடுக்கிறது" என்பது முடுக்கத்தைப் பற்றிய பேச்சு. பணிகளை முடுக்கிவிட்டார்கள் என்று செய்தித்தாளில் எழுதும்போது, பணி முன்பிருந்த நிலையிலிருந்து மாறுகிறது என்றுதானே பொருள் கொள்கிறோம்? நொடிக்கு நொடி திசைவேகம் எவ்வளவு மாறுகிறது என்பதே முடுக்கம். மாற்றம் இல்லையென்றால், வண்டி எவ்வளவு விரைந்தாலும் முடுக்கம் சுழிதான்.

இதை எனக்குக் கண்ணால் காட்டியவர், ரயில் பெட்டிகள் செய்யும் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு மாமா. திருவொற்றியூரிலிருந்து சென்ட்ரலுக்குப் புறநகர் ரயிலில் போகும்போது ஒரு சாவியை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார் என்றார். "வண்டி எவ்ளோ ஸ்பீடா போதுன்னு சாவிக்குத் தெரியாது தம்பி. ஸ்பீடு ஏறுதா எறங்குதான்னு மட்டுந்தான் அதுக்குத் தெரியும்" என்பது அவர் சொன்ன வார்த்தை.

கூட்டம் குறைந்த ஒரு ஞாயிறு மதியத்தில் 50 செ.மீ. நூலில் பீரோ சாவியைக் கட்டி, ஜன்னல் ஓரமாகத் தொங்கவிட்டு, பின்னால் அடிக்கோலைப் பிடித்துக்கொண்டேன். வண்டி கிளம்பியதும் சாவி சற்று ஆடி அடங்கி, பின்பக்கமாக ஏறத்தாழ 2.5 செ.மீ. விலகி நின்றது. மேலே தொங்கும் கைப்பிடிகளும் சொல்லிவைத்தாற்போல் அதே பக்கம் சாய்ந்திருந்ததை, தினமும் அந்த வண்டியில் போய்வந்தும் அன்றுதான் கவனித்தேன். வ.உ.சி. நகரைத் தாண்டி வண்டி நன்றாக ஓடத் தொடங்கியபோது, இரைச்சலும் காற்றும் முகத்தில் அறைய, சாவியோ நட்டநடுவில் நேராகத் தொங்கியது. தண்டையார்பேட்டை நெருங்கிப் பிரேக் போட்டதும் முன்பக்கம் சாய்ந்தது. நடைமேடையில் வண்டி ஊர்ந்து, நிற்கப்போகும் அந்தக் கடைசி நொடியிலும், திசைவேகம் சுழியைத் தொடும் நேரத்திலும், நூல் சாய்ந்தே இருந்தது. வண்டி முற்றிலும் நின்ற பிறகே சட்டென்று திரும்பி ஊசலாடியது. உச்சியில் நிற்கும் பந்து எனக்குப் புரிந்தது அப்போதுதான். திசைவேகம் ஒரு கணம் சுழியாக இருக்கலாம். அதை மாற்றிக்கொண்டிருக்கும் புவியீர்ப்பு அந்தக் கணத்தில் ஓய்வெடுப்பதில்லை. ஓய்வெடுத்தால் பந்து உச்சியிலேயே நின்றுவிட வேண்டும்.

அந்தச் சாய்விலிருந்து கணக்கும் போடலாம். விலகிய தூரத்தை நூலின் நீளத்தால் வகுத்து 9.8-ஆல் பெருக்கினால், சாய்வு சிறிதாக இருக்கும்வரை, வண்டியின் முடுக்கம் கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். எனக்குக் கிடைத்தது 0.49 மீ/வி².

அதை 0.5 என்று வைத்துக்கொண்டு, நிலையத்திலிருந்து நிலையம்வரை ஒரு பயணத்தை நானே கணக்காக அமைத்துக்கொண்டேன். ஓய்விலிருந்து கிளம்பும் வண்டி 30 நொடியில் 15 மீ/வி, அதாவது மணிக்கு 54 கி.மீ. வேகத்தை அடைகிறது. பிறகு 100 நொடி அதே வேகத்தில் நேராக ஓடுகிறது. பின்னர் 20 நொடியில் நின்றுவிடுகிறது. முதல் கட்டத்தில் முடுக்கம் 0.5, நடுக்கட்டத்தில் சுழி, கடைசியில் எதிர்த்திசையில் 0.75. கடந்த தொலைவுகள் முறையே 225, 1500, 150 மீட்டர். ஆக மொத்தம் 150 நொடியில் 1875 மீட்டர், சராசரி 12.5 மீ/வி, அதாவது மணிக்கு 45 கி.மீ. வண்டி மிக விரைவாக ஓடும் கட்டத்தில்தான் முடுக்கம் இல்லை என்பதைத் தாளில் எழுதிப் பார்ப்பவருக்கு அது மறக்காது. முதல் 30 நொடியைப் பத்துப் பத்து நொடியாகப் பிரித்தால் 25, 75, 125 மீட்டர் என்று வரும். 1, 3, 5 என்ற இந்த ஒற்றை எண் விகிதத்தை, சாய்தளத்தில் உருண்டையை உருட்டிப் பார்த்துக் கலிலியோ கண்டறிந்தார். ஓய்விலிருந்து சீரான முடுக்கத்தில் நகரும் எதற்கும் இது பொருந்தும்.

வரைபடக் கேள்விகளில் நான் செய்த பிழை, அச்சுகளைப் பார்க்காமல் கோட்டை மட்டும் பார்த்ததுதான். படுக்கையாக ஓடும் கோடு தொலைவு–காலம் வரைபடத்தில் இருந்தால் பொருள் அசையாமல் நிற்கிறது. அதே கோடு திசைவேகம்–காலம் வரைபடத்தில் இருந்தால் பொருள் சீராக ஓடுகிறது. மேலே சொன்ன பயணத்தைத் திசைவேகம்–காலம் வரைபடமாக வரைந்தால் ஒரு சரிவகம் வரும். அதன் சாய்ந்த பக்கங்களின் சாய்வு முடுக்கம். அடியில் அடைபடும் பரப்பு இடப்பெயர்ச்சி, அதாவது புறப்பட்ட இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் இடையே உள்ள நேர்த்தொலைவு, திசையோடு. சூத்திரம் மறந்துபோனாலும் முக்கோணத்தின் பரப்பு மறக்காதே, அதனால் நான் இப்போது பெரும்பாலும் படம் வரைந்தே விடை காண்கிறேன். பள்ளியில் படித்த v = u + at முதலான மூன்று இயக்கச் சமன்பாடுகளும் முடுக்கம் மாறாமல் இருக்கும்போது மட்டுமே செல்லுபடியாகும் என்பதால், மூன்று கட்டமும் கொண்ட பயணத்துக்கு ஒரே சமன்பாட்டைப் போடக் கூடாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.

திசையைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். திருவொற்றியூரிலிருந்து காசிமேட்டுக்கு 6 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிச் சைக்கிளில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போய், 15 கி.மீ. வேகத்தில் திரும்பினால், சராசரி வேகம் 12.5 அன்று, 12. போக 36 நிமிடம், வர 24 நிமிடம். ஒரு மணி நேரத்தில் 12 கி.மீ. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டதால் சராசரித் திசைவேகமோ சுழி. அதேபோல் தங்கசாலை மணிக்கூண்டு அருகே பேருந்து ஒரே வேகத்தில் வளைந்தாலும் நம் உடல் வெளிப்புறமாகச் சாய்கிறது. வேகமானியின் முள் அசையவில்லை, ஆனால் திசை மாறியதால் திசைவேகம் மாறியது. எனவே அங்கே முடுக்கம் உண்டு. சீரான வேகமும் சீரான திசைவேகமும் ஒன்றல்ல என்ற இந்த இடத்தைப் பயிற்சி வினாக்களில் திரும்பத் திரும்பச் சந்தித்தேன். முடுக்கம் எதிர்க்குறி பெற்றால் பொருள் மெதுவாகிறது என்று முடிவுகட்டுவதும் தவறு. மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாகக் கொண்டால், கீழே விழும் கல்லின் முடுக்கம் எதிர்க்குறிதான். கல்லோ நொடிக்கு நொடி வேகம் கூடியே விழுகிறது. திசைவேகமும் முடுக்கமும் ஒரே பக்கம் நோக்கினால் வேகம் கூடும், எதிரெதிர் பக்கம் நோக்கினால் குறையும் என்று பார்ப்பதே பாதுகாப்பு.

பிறகு ரயில்வேயின் டெக்னீசியன் கிரேடு 3 தேர்வுக்குப் படித்தபோது, அதில் 100 கேள்விகளில் 40 அறிவியல் என்பதால், இயக்கம் என்ற இந்த ஒரு பாடத்துக்கே முழுதாக இரண்டு வாரம் ஒதுக்கினேன். 90 நிமிடத்தில் 100 கேள்வி என்றால் ஒன்றுக்கு 54 நொடிதான் கிடைக்கும். அதில் அலகு மாற்றத்துக்கு நேரம் செலவிட முடியாது. மணிக்கு 18, 36, 54, 72 கி.மீ. என்பவை முறையே 5, 10, 15, 20 மீ/வி என்பதைப் பெருக்கல் வாய்ப்பாடுபோல் மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். கேள்வியைப் படித்ததும், எது மாறுகிறது, அளவா திசையா இரண்டுமா அல்லது எதுவுமே இல்லையா என்று ஓரத்தில் ஒரு சொல்லில் குறித்துவிட்டு, அதன் பிறகே எண்களைத் தொடுங்கள். எனக்கு அந்த ஒரு சொல்லை எழுத 5 நொடிக்கு மேல் ஆனதில்லை. பந்து, கல், லிஃப்ட் என்று எது வந்தாலும், தண்டையார்பேட்டை நடைமேடையில் அந்தச் சாவி எந்தப் பக்கம் சாய்ந்து நின்றது என்பதைத்தான் முதலில் நினைத்துக்கொள்கிறேன்.