அம்மாவுக்குத் தேயிலைச் செடி காட்டப் போன கதை

எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஐந்து தடவை டீ. விருந்தாள் வந்தால் ஆறு, ஏழு. போன வருஷம் அக்னி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம், கரண்ட் போய் பாளையங்கோட்டையே வெந்துகொண்டிருந்தபோது, அம்மா திண்ணையில் உட்கார்ந்து டம்ளரை ஆற்றிக்கொண்டே, "அறுபத்தெட்டு வயசாச்சு, இந்தச் செடிய நான் இதுவரைக்கும் கண்ணால பாத்ததே இல்ல பாத்துக்கோ" என்றாள். சும்மா சொன்னதுதான். ஆனால் எனக்கு அது உறுத்திவிட்டது. குற்றாலத்துக்கு நாற்பது தடவை போயிருக்கிறோம், திருச்செந்தூருக்குக் கணக்கே கிடையாது, டீ மலைக்கு மட்டும் அம்மாவைக் கூட்டிப் போனதில்லை.

முதலில் நினைத்தது மாஞ்சோலைதான். வானம் தெளிவாக இருக்கிற நாளில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து மேற்கே தெரிகிற மலையில் தேயிலை இருக்கும்போது மூணாறுக்கு எதற்கு ஓட வேண்டும்? திருநெல்வேலியிலிருந்து அறுபது கிலோமீட்டர்கூடக் கிடையாது. கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு அணை, செக்போஸ்ட், அருவி, அப்புறம் மலைப்பாதை. கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை அரசு பஸ்ஸில் அந்த வழியாக ஊத்து வரைக்கும் போயிருக்கிறேன். அதைப் பாதை என்று சொல்வதே மரியாதைக்குத்தான். பஸ் முழுக்க மூட்டைகள், கீழே கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள், ஒரு கோழி. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, கடைசியில் குதிரைவெட்டி. மழைக்காலத்தில் டிவியில் மழை அளவு வாசிக்கும்போது முதலில் வருமே நாலுமுக்கு, ஊத்து என்று, அந்த ஊர்கள்தான்.

ஆனால் இப்போது நினைத்தவுடன் ஏறிப்போக முடியாது. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, வெளியாட்கள் போக வனத்துறை அனுமதி வேண்டும், அதிலும் மழை வந்தால் பாதையை அடைத்துவிடுவார்கள். நாங்கள் விசாரித்த நாட்களில் அனுமதி இல்லை என்றுதான் பதில் வந்தது. சரி, புலிக்காடு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அனுமதி கிடைத்திருந்தாலும் அம்மா பார்க்க நினைத்தது அங்கே கிடைத்திருக்காது. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் அந்த மலையை பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. கணக்குப் போட்டால் 2028. அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே, 2024 ஜூனில், தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கி வேலையை நிறுத்திவிட்டார்கள். நாலு தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே கொழுந்து எடுத்தவர்கள். தேயிலைச் செடி என்று நாம் சொல்கிறோமே தவிர அது மரம்தான், கொழுந்து எடுத்து எடுத்து, நாலைந்து வருஷத்துக்கு ஒருதரம் கவாத்து என்று கிளைகளை வெட்டி, இடுப்பு உயரத்திலேயே அடக்கி வைத்திருக்கிறார்கள். கை படாமல் விட்டால் சரசரவென்று மேலே போய்விடும். போய்ப் பார்த்துவிட்டு வந்த கூட்டாளி ஒருவன் செல்போனில் படம் காட்டினான். ஆள் உயரத்துக்கு வளர்ந்து, உள்ளே நுழைய வழி இல்லாமல் கிடக்கிறது.

மாஞ்சோலை என்றாலே எங்கள் ஊரில் இன்னொன்றும் ஞாபகம் வரும். 1999 ஜூலை 23. கூலி கேட்டுப் போராடிய தோட்டத் தொழிலாளர்களுக்காக கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸுக்குப் போன ஊர்வலத்தில் தடியடி நடந்து, தாமிரபரணியில் விழுந்து 17 பேர் செத்துப்போனார்கள். அப்போது நான் சின்னப் பையன். அன்றைக்கு சாயங்காலம் தெருவில் யாரும் சத்தமாகப் பேசவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அப்புறம் எங்கே போவது? மேகமலையா, வால்பாறையா, மூணாறா என்று வீட்டில் ஒரு வாரம் பஞ்சாயத்து. சின்னமனூரிலிருந்து ஏறுகிற மேகமலை கிட்டத்தில் இருக்கிறது, கூட்டமும் கம்மி, எனக்கு அதில்தான் ஆசை. ஆனால் தங்க இடம் குறைவு, ராத்திரி அம்மாவுக்கு ஏதாவது என்றால் ஆஸ்பத்திரிக்கு மலை இறங்க வேண்டும். வால்பாறைக்கு ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு என்றதும் என் மனைவி, "அத்தைக்கு வேண்டாம், எனக்கும் வேண்டாம்" என்று முடித்துவிட்டாள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு. கடைசியில் எல்லாரும் போகிற மூணாறுதான்.

எப்போது போவது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மே மாதம் லீவு என்று கிளம்பினால் செடியைவிட வண்டிதான் அதிகம் தெரியும். ஜூன் ஜூலையில் நமக்குக் குற்றாலச் சாரல் என்றால் அங்கே கொட்டு மழை. ஜனவரி, பிப்ரவரியில் குளிர் அருமையாக இருக்கும், படம் எடுக்க நல்லது, ஆனால் துளிர் குறைவு, கொழுந்து எடுக்கிற ஆளைத் தேட வேண்டும். வரையாடு பார்க்க இரவிகுளம் போகிற எண்ணம் இருந்தால் இன்னொன்று, குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் அந்தப் பூங்காவை மூடிவிடுவார்கள். நாங்கள் செப்டம்பர் கடைசி வாரத்தைப் பிடித்தோம். மழை கொஞ்சம் ஓய்ந்து துளிர் திரும்ப வேகமாக வருகிற சமயம். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை இருக்காது என்பதால் அன்றைக்குப் பயணம், திங்கட்கிழமை தோட்டம் என்று திட்டம். இந்தத் திட்டத்தைப் போட்டதற்கு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். சீக்கிரம் தட்டிவிட்டேன்.

ஞாயிறு விடிய நாலு மணிக்குக் கிளம்பினோம். சங்கரன்கோவிலில் கோமதியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அம்மா சொன்னதால் அந்த வழி: ராஜபாளையம், திருவில்லிபுத்தூர், கல்லுப்பட்டி, பேரையூர், உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி, போடி. சொந்தக் கார் இல்லை, தெரிந்த டிரைவர் தம்பியின் வண்டி. வாடகை வண்டி என்றால் கேரளாவுக்குள் போக பர்மிட் போட வேண்டும், அதை முதல் நாளே பேசி முடித்துக்கொள்ளுங்கள், போடிமெட்டு செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு பேசாதீர்கள். வண்டியே வேண்டாம் என்கிறவர்களுக்கு, 2023 ஜூனிலிருந்து மதுரை வழியாகப் போடி வரைக்கும் ரயில் வந்துவிட்டது, அங்கிருந்து பஸ்.

போடிமெட்டு ஏற்றத்தில் பையன் ஆறாவது வளைவிலேயே காலை இட்லியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். மலை ஏறுகிற அன்றைக்குக் குழந்தைகளுக்கு வயிறு நிறையக் கொடுக்காதீர்கள் என்று எல்லாரும் சொன்னார்கள், அம்மா கேட்கவில்லை. மேலே பூப்பாறைப் பக்கம் வந்ததும் இறங்கி முகம் கழுவினோம். அங்கே முதலில் வருவது ஏலம், பெரிய மரங்களின் நிழலில் இருட்டாக. அதைத் தாண்டித் தேவிகுளம் போகிற வழியில், கேப் ரோட்டில் ஒரு திருப்பத்தில், மலை முழுக்கத் தேயிலை. (மழைக்காலத்தில் அந்த ரோட்டில் மண் சரியும், கேட்டுக்கொண்டு போங்கள்.) அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "யாருடா இதெல்லாம் நட்டது?" என்றாள்.

தங்கிய இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படத்தில் ஜன்னலைத் திறந்தால் தோட்டம். நேரில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணித் தொட்டி. போன் பண்ணி, நமக்குத் தரப்போகிற அதே அறையின் வீடியோவை அனுப்பச் சொல்லிக் கேட்காமல் காசு கட்டாதீர்கள்.

திங்கட்கிழமை காலையில் தேயிலை அருங்காட்சியகம், நல்லதண்ணி எஸ்டேட்டில். போனால் பூட்டு. திங்கள்தான் அவர்களுக்கு வார விடுமுறையாம். ஞாயிறை அவ்வளவு கவனமாகத் தவிர்த்துவிட்டுத் திங்களில் போய் மாட்டியவன் நான். மனைவி ஒன்றும் பேசவில்லை, அது பேசுவதைவிட மோசம்.

அதனால் அந்தக் காலை முழுக்கத் தோட்டத்துக்கே கிடைத்தது. ரோட்டு ஓரத்தில் வேலை நடக்கிற இடமாகப் பார்த்து நிறுத்தினோம். சாக்கு மாதிரி பிளாஸ்டிக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு பத்துப் பதினைந்து பெண்கள். முதுகில் கூடை, இரண்டு விரலால் கிள்ளுகிற கை என்று காலண்டரில் வருகிற படத்தை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். கையில் பெரிய கத்தரி, அதில் தட்டு மாதிரி ஒரு பெட்டி, வெட்டின கொழுந்து அதில் விழ, நிறைந்ததும் பைக்குள் கொட்டுகிறார்கள். கறக் கறக் என்று அந்தச் சத்தம் மலை முழுக்கக் கேட்கிறது. ஒரு அக்கா ரோட்டுப் பக்கம் வந்தபோது அம்மா, "கையால கிள்ள மாட்டியளா?" என்று கேட்டாள்.

"கையால எடுத்தா கிலோ ஏறாதும்மா. இத்தன கிலோன்னு கணக்கு இருக்குல்லா, அதுக்கு மேல எடுத்தாத்தான் தனிக் காசு."

அந்த 'இருக்குல்லா' போதும். அம்மா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எந்த ஊர் என்று கேட்டால், கயத்தாறு பக்கம். பிறந்தது ஊரில், வாக்கப்பட்டது எஸ்டேட்டில், வருஷம் ஒருதரம் கோயில் கொடைக்கு மட்டும் ஊருக்கு வருவது. கயத்தாறு என்றதும் எங்களுக்குள் ஒரு நிமிஷம் பேச்சு நின்றது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து, வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பான லயன் வீடுகளோடு 70 பேர் போனார்களே, அதில் நிறையக் குடும்பங்களின் பூர்வீகம் கயத்தாறு. அந்த அக்காவும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மழை பெய்ததா, கடலை என்ன விலை, பாளையங்கோட்டையில் இப்போது டீ எவ்வளவு என்றுதான் பேச்சு போனது. விலையைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

அன்றைக்குப் பையனின் காலில் அட்டை. பிடித்து இழுக்காமல் உப்பு வைத்தால் விழுந்துவிடும், ஒரு பொட்டலம் உப்பு பையில் இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகம் திறந்திருந்தது. ஒரு காலத்தில் மூணாறில் ஓடி, 1924 வெள்ளத்தில் அழிந்துபோன குண்டளை ரயிலைப் பற்றியெல்லாம் அங்கே தெரிந்துகொள்ளலாம். ஆனால் எனக்குப் பிடித்தது ஒரு கல் சூரியக் கடிகாரம். 1913இல் செய்தது, செய்தவர்கள் நம்ம நாசரேத் தொழிற்பள்ளிக்காரர்கள்! மூணாறுக்கு நேரம் காட்டியதும் திருநெல்வேலிச் சீமைக் கல்தான் என்று நான் கொஞ்சம் அதிகமாகவே பெருமை அடித்தேன். அம்மாவுக்குப் பிடித்தது இலை தூளாகிற இயந்திரம். பறித்த இலையை முதலில் பல மணி நேரம் பரப்பி வாட விடுகிறார்கள், அப்புறம் பல் வைத்த உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கிக் கிழித்துச் சுருட்டினால் சிடிசி, நம் வீட்டில் போடுகிற தூள். பச்சையாக உள்ளே போனது காற்றுப் பட்டுச் செம்பு நிறமாகி, சூட்டில் காய்ந்து கறுப்பாகி வெளியே வருகிறது. நாலு, நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள்தான் தேறும் என்றதும் அம்மா மனக்கணக்குப் போட்டாள். "அப்ப அந்தப் பிள்ள ஒரு பை சுமந்தா நமக்கு எத்தன நாளைக்கு வரும்?"

திரும்பும்போது வந்த வழியில் வரவில்லை. காரணம், திங்கட்கிழமை நாங்கள் கிளம்புகிற நேரத்தில் அந்த அக்கா, "எப்பம்மா ஊருக்குப் போறிய? எங்க அம்மைட்ட ஒண்ணு குடுத்துருவியளா?" என்று கேட்டிருந்தார். செவ்வாய் சாயங்காலம் வேலை விட்டு வந்து ரோட்டில் காத்திருந்து ஒரு மஞ்சப் பையைக் கொடுத்தார், உள்ளே டீத்தூள் பாக்கெட். அதனால் புதன்கிழமை உசிலம்பட்டியிலிருந்து திருமங்கலம் போய் நாலுவழிச் சாலை பிடித்து விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வழியாக இறங்கினோம். உண்மையில் அந்த வழிதான் லேசு, போகும்போதே அதில் போயிருக்கலாம், அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

கயத்தாறுக்குப் பக்கத்தில் கரிசல் காட்டுக்குள் சின்ன கிராமம். வாசலில் இருந்த ஆச்சிக்கு எண்பது இருக்கும். மகள் கொடுத்தது என்றதும் பையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எப்படி இருக்கா, மெலிஞ்சிட்டாளா, இருமல் நின்னுட்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, உள்ளே போய் அலமாரியைத் திறந்தார். அதே மாதிரிப் பாக்கெட்டுகள் ஐந்தாறு, பிரிக்காமல் வரிசையாக அடுக்கியிருந்தன. இதை அதன் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"அவ அனுப்பிக்கிட்டேதான் இருக்கா. எனக்கு டீ ஒத்துக்கிடாது தாயி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, எங்கள் எல்லாருக்கும் கருப்பட்டிக் காப்பி போடப் போனார்.