கொடையாளர் பட்டியலும் பூட்டிய நிரலும்

சேலத்தில் நாங்கள் நடத்தும் சிறிய குருதிக்கொடைக் குழு முன்பு வாட்ஸ்அப்பை மட்டுமே நம்பியிருந்தது. "ஓ நெகட்டிவ் அவசரம்" என்ற செய்தி, தேவை தீர்ந்து இரண்டு நாள் ஆன பிறகும் குழுவுக்குக் குழு சுற்றிக்கொண்டிருக்கும். அதை நம்பி வந்தவர் மருத்துவமனை வாசலோடு திரும்புவார்.

இப்போது பட்டியல் கூகுள் ஷீட்ஸில் இருக்கிறது. கடைசியாகக் குருதி கொடுத்த தேதியை உள்ளிட்டால், ஆண்களுக்கு 90 நாளும் பெண்களுக்கு 120 நாளும் கழியும் வரை அவர்களுடைய வரிசை தானாகவே சிவப்பாக நிற்கும்படி அமைத்திருக்கிறோம்.

ஒருநாள் புதிய தன்னார்வலர் ஒருவர், பெயர்கள் உள்ள நிரலை (column) மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்திவிட்டார். பெயர்கள் இடம்மாறின; இரத்த வகையும் கைபேசி எண்ணும் அசையவில்லை. அழைத்த ஒவ்வோர் எண்ணிலும் வேறொருவர் பேசியபோதுதான் விபரீதம் புரிந்தது. பதிப்பு வரலாற்றில் முந்தைய நாள் மாலைக்குத் திரும்பி மீட்டோம். அன்று முதல் அந்த நிரல்களைத் திருத்தும் உரிமை நால்வருக்கு மட்டுமே. எனக்கு இது சற்றுக் கடுமையாகத்தான் தோன்றுகிறது.

2010ஆம் ஆண்டு ஹைதி நிலநடுக்கத்தின்போது, அந்த மண்ணையே மிதித்திராத தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, எவரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருக்களை வரைந்து மீட்புப் பணிக்கு உதவினார்கள். எங்கள் சிக்கல் அதைவிட எளியது: ஏற்காட்டுக்கு அப்பால் உள்ளடங்கிய சிற்றூர்களில் சிக்னல் கிடைப்பதில்லை. ஆகவே முகாம் விவரங்களை, இணையம் இல்லாமலும் நிரப்பக்கூடிய கோபோ டூல்பாக்ஸ் படிவத்தில் பதிந்துகொண்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி அடிவாரம் சேர்ந்ததும் தேநீர்க் கடையில் நின்று அனுப்பிவிடுகிறோம்.