டிசைன்-பிட்-பில்ட்ல இருந்து டிசைன்-பில்டுக்கு மாறினப்போ எங்க பசுமைக் கட்டடத்துக்கு என்ன ஆச்சு

பசுமைக் கட்டடம்னாலே சோலார், இன்சுலேஷன்னுதான் பேச்சு, கான்ட்ராக்ட் எந்த மாதிரி போடறோம்னு யாரும் கேக்கறதில்ல. ஓனர் சைடுல இருந்து ரெண்டு ஆபீஸ் பில்டிங் பாத்துட்டேன், பாதி விஷயம் அங்கயே முடிவாயிடுது.

முதல் பில்டிங் வழக்கமான டிசைன்-பிட்-பில்ட். டிராயிங் முழுசா முடிச்சு டெண்டர் விட்டு, கம்மியா கோட் பண்ணவருக்கு வேலை. எனர்ஜி மாடலிங் ஆளுங்கள, அதாவது கட்டடம் எவ்ளோ எனர்ஜி இழுக்கும்னு முன்னாடியே கம்ப்யூட்டர்ல கணக்குப் போடறவங்கள, கூப்பிட்டதே டிராயிங் முக்கால்வாசி முடிஞ்சப்புறம்தான், அதுக்குள்ள பில்டிங் எந்தப் பக்கம் பாத்து நிக்கணும், மேற்குல எவ்ளோ கண்ணாடின்னு எல்லாம் ஃபிக்ஸ் ஆயிடுச்சு, அப்புறம் அவங்க என்ன பண்ணுவாங்க, லைட்டையும் சில்லரையும் (ஏசிக்குத் தண்ணிய குளிர வைக்கற மெஷின்) நல்லதா போடுங்கன்னு சொல்லலாம், அவ்ளோதான். ஸ்பெக்ல கண்ணாடிக்கு 'அல்லது அதற்கு இணையானது'ன்னு ஒரு வரி இருந்துச்சு. கான்ட்ராக்டர் அதைப் பிடிச்சுக்கிட்டு வேற கண்ணாடி குடுத்தாரு, யூ-வேல்யூ, அதாவது வெளிய உள்ள சூட்டைக் கண்ணாடி கடத்தற அளவு, கிட்டத்தட்ட அதேதான், ஆனா வெயில் சூடு உள்ள வர்ற அளவு, அதான் எஸ்ஹெச்ஜிசி, அது ஜாஸ்தி. அவரையும் குறை சொல்ல முடியாது, அடிமட்ட ரேட்டுக்கு எடுத்த வேலை. லீட்ங்கற பசுமைக் கட்டட சான்றிதழுக்கான பேப்பர் வேலை தனிக் கூத்து, பெயிண்ட்ல விஓசி (ஆவியாகி காத்துல கலக்கற ரசாயனம்) எவ்ளோ, கழிவு எங்க போச்சுன்னு ஆதாரம் கேட்டா சப்-கான்ட்ராக்டருங்க "எங்க ஒப்பந்தத்துல இது இல்லையே"ங்கறாங்க. லீட்ல கோல்டு தரத்துக்கு 60 பாயிண்ட் வேணும், நாங்க அதுக்குக் கீழ சில்வரோட நின்னோம்.

அடுத்ததுக்கு டிசைன்-பில்ட். டிசைனும் கட்டறதும் ஒரே ஒப்பந்தம். அதுக்காக தானா பசுமை வந்துடாது, விலைய மட்டும் கட்டிப் போட்டு விட்டுட்டா இருக்கறதுலயே மலிவானதுதான் வந்து நிக்கும். அமெரிக்காவுல என்ஆர்இஎல்ங்கற புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆராய்ச்சிக்கூடம் கொலராடோவுல 2010ல ஒரு ஆபீஸ் பில்டிங் முடிச்சாங்க, விலைய ஃபிக்ஸ் பண்ணிட்டு, சதுர அடிக்கு வருஷத்துக்கு 25,000 பிடியு (எனர்ஜிய அளக்கற யூனிட்) தாண்டக் கூடாதுன்னு இலக்கையும் டெண்டர்லயே எழுதிட்டாங்க, அதை எப்படி எட்டணும்னு சொல்லல. நாங்களும் அந்த வழியிலதான் போனோம், அளவு மட்டும் எங்களுக்குத் தகுந்த மாதிரி.

வித்தியாசம் முதல் மீட்டிங்லயே தெரிஞ்சுது. நல்ல கண்ணாடி போட்டா சில்லர் சின்னதாகும், குளிர் காத்து போற டக்ட் சின்னதாகும், கண்ணாடிக்குப் போன காசு அங்க திரும்பும்னு ஏசி ஆளே கணக்குப் போட்டுக் காட்டினாரு. பழைய முறையில கண்ணாடி ஒருத்தர் பட்ஜெட், ஏசி இன்னொருத்தர் பட்ஜெட், இந்தக் கணக்கப் போட ஆளே கிடையாது.

ஆனா ஒண்ணு, டிசைன்-பில்ட்ல ஆர்க்கிடெக்ட் கான்ட்ராக்டர்கிட்ட வேலை பாக்கறவரு, நமக்காகப் பேச மாட்டாரு. அதனால எனர்ஜி மாடல செக் பண்ணவும் கமிஷனிங்குக்கும் (போட்ட மெஷினெல்லாம் சொன்னபடி ஓடுதான்னு சோதிக்கறது) நம்ம சம்பளத்துல தனி ஆள் வெச்சுக்குங்க. ரொம்ப சண்டை நடந்தது கடைசி பேமென்ட்லதான், ஒரு வருஷ மீட்டர் ரீடிங் பாத்துட்டுத்தான் தருவோம்னு எழுதியிருந்தோம். "உங்க ஸ்டாஃப் இஷ்டத்துக்கு மெஷின் கொண்டு வந்து சொருகினா அதுக்கும் நான்தான் பொறுப்பா?"ன்னு கான்ட்ராக்டர் கேட்டாரு, நியாயமான கேள்வி, அதனால பிளக் பாயிண்டுக்கெல்லாம் தனி மீட்டர் போட்டு அந்தக் கணக்க இலக்குல இருந்து எடுத்துட்டோம், அதுக்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டாரு.